சேர்வராயன் மலையில் நின்று தேர்தல் அறிக்கை படிப்பது: கட்சிகளின் வனக் கொள்கையை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நான்கு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை அச்செடுத்துக்கொண்டு, சேர்வராயன் மலை மேலுள்ள ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். நாகலூர்ப் பக்கம் பெரியப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டிப் போய், "சேலம் தொகுதியில் யார் காட்டைப் பற்றி என்ன சொல்லியிருக்காங்கன்னு பாருங்க பெரியப்பா" என்று அந்தத் தாள்கட்டை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டியவர், "எனக்கு ஓட்டு கள்ளக்குறிச்சியில கண்ணு" என்றார்.

அதுவரை எனக்கு அது தெரியாது. சேலம் அஸ்தம்பட்டியில் மாடியில் நின்றால் கண்ணுக்கு எதிரே தெரியும் மலை, அது சேலம் மக்களவைத் தொகுதியில் இல்லை. அப்படி அடி வாங்கிக் கற்றுக்கொண்ட பிறகு, ஒப்பிடும் வேலையை முதலிலிருந்து வேறு வரிசையில் செய்தேன். அந்த வரிசைதான் இது. இரண்டு மாலை நேரம், ஒரு நீளமான கணக்கு நோட்டு, ஒரு பென்சில் போதும். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை.

முதல் படி: உங்கள் ஓட்டு எங்கே இருக்கிறது?

2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. கூடவே கெங்கவல்லி, ஆத்தூர், சங்கராபுரம், ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சி. சேலம் மக்களவைத் தொகுதியில் வருவது ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி. ஆக, மலை மேலே வாழ்பவர் ஒரு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார், அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரை நம்பும் நகரத்துக்காரர் இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டு வேட்பாளர் பட்டியலையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டு ஒன்றுதான் என்றாலும் மலைக்காகப் பேச வேண்டியவர்கள் இரண்டு பேர்.

அடுத்து, எம்.பி.யால் எது முடியும் என்பது. காடு முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் வந்த 42-வது அரசியலமைப்புத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதனால் காட்டு நிலத்தை வேறு வேலைக்குத் திருப்பும் அனுமதி, வன உரிமைச் சட்டம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் டெல்லியில் செய்யப்பட்ட சட்டங்கள். ஆனால் அவற்றை நடத்துவது மாநில வனத்துறையும் ஆட்சியர் அலுவலகமும்தான். சிலது முழுக்க மாநிலத்துடையது. பெரியப்பா தன் தோட்டத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்ட வேண்டுமானால், 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். மக்களவை வேட்பாளர் ஒருவர் ஊருக்கு வந்து "மரம் வெட்டும் கெடுபிடியைத் தளர்த்துவேன்" என்று சொன்னால், அது தவறான முகவரிக்கு எழுதிய கடிதம். நோட்டில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் "டெ" அல்லது "செ" என்று ஓர் எழுத்துப் போடுங்கள். டெல்லியா, சென்னையா? இந்த ஒரு வேலையிலேயே பாதி வாக்குறுதிகள் உதிர்ந்துவிடும்.

இரண்டாம் படி: அறிக்கையைத் திறக்கும் முன் கேள்விகளை எழுதுங்கள்

கட்சியின் அறிக்கையை முதலில் படித்தால், அவர்கள் எதைப் பேச விரும்புகிறார்களோ அதைத்தான் ஒப்பிடுவோம். எல்லோரும் மரக்கன்று நடுவார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். ஆகவே மலையிலிருந்து தொடங்குங்கள். நாங்கள் மூன்று பேர் வாசலில் உட்கார்ந்து எழுதியதில் மிஞ்சியவை இவை: தோட்டத்துக்குள் வரும் காட்டெருமைக்கு யார் பொறுப்பு? மாசி, பங்குனியில் சரிவுகளில் பிடிக்கும் தீயை அணைக்க ஆளும் காசும் யார் தருகிறார்கள்? இந்த மலையின் மலையாளி என்னும் பழங்குடிக் குடும்பங்களின் (கேரளத்தவர் அல்ல) வன உரிமை மனுக்கள் என்ன ஆகும்? கல், தாது, சாலை என்று யாராவது மலையைக் கேட்டால் ஊரைக் கேட்பார்களா? உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் பிடித்த காட்டைத் திரும்ப எடுக்க யாருக்காவது எண்ணம் உண்டா?

தாது பற்றிய கேள்வி சேலத்துக்காரர்களுக்குப் பழையது. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட் லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிய காலம் நினைவிருக்கும். அடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மேற்கே கஞ்சமலையில் இரும்புத் தாது. கட்சி அறிக்கையில் "கனிம வளம்" என்று வரும் வரிக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

மூன்றாம் படி: "காடு" என்று அவர்கள் சொல்வது எதை?

இங்கே நிதானமாக உட்காருங்கள். மற்றப் படிகளில் அவசரப்பட்டாலும் பரவாயில்லை.

பெரியப்பாவின் தோட்டத்தை வானத்திலிருந்து பார்த்தால் காடு. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபி. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக் கவிகை, அதாவது மரங்களின் தலைப்பகுதி நிலத்தை மூடும் அளவு, 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எந்த வகை, சட்டத்தில் அது காடா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. பழத்தோட்டமும் மூங்கில் தோப்பும் தென்னந்தோப்பும்கூட அதில் சேரும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக், இந்தியாவின் வனப்பரப்பாக எண்ணப்படுகிறது. ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது பட்டா நிலம். பக்கத்திலேயே வேலி தாண்டினால் காப்புக்காடு. அதில் புதர் மட்டுமே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது காடுதான். பசுமையாக இருப்பது ஒன்று, காடு என்று பதிவானது இன்னொன்று. கட்சிகள் எதைக் காப்பாற்றுவதாகச் சொல்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சட்டத்தில் இதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப மத்திய அரசின் முன் அனுமதி தேவையாயிற்று. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் எது காடோ அதற்கும், யார் உடைமையாக இருந்தாலும் அரசுப் பதிவில் காடு என்று இருக்கும் நிலத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. பதிவேட்டில் ஏறாத காட்டுக்கு அந்தத் தீர்ப்புதான் குடை.

2023-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. சட்டம், காடாக அறிவிக்கை செய்யப்பட்ட நிலத்துக்கும், 1980 அக்டோபர் 25 அன்றோ அதன் பிறகோ அரசுப் பதிவேடுகளில் காடு என்று பதிவான நிலத்துக்கும் மட்டும் என்று சுருங்கியது. பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும் பாதுகாப்பு சார்ந்த, சாலை போன்ற நீள்வகைத் திட்டங்களுக்கு விலக்கு. சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவற்றுக்கு வெளியே உள்ள காட்டில் அரசு அமைக்கும் உயிரியல் பூங்காவும் சஃபாரியும், வனத்துறைத் திட்டத்தில் இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளும், இனி "காடு அல்லாத வேலை" ஆகாது. சட்டத்தின் பெயரும் மாறி "வன் சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதினியம்" ஆனது. நாகலூரில் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். மூன்றாம் முயற்சியில்தான் பெரியம்மாவுக்கு வந்தது. 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில், வழக்கு முடியும்வரை 1996-ன் பொருளையே பின்பற்றச் சொன்னது. பூங்கா, சஃபாரி தொடங்கவும் நீதிமன்ற ஒப்புதல் வேண்டும் என்றது.

எல்லை நம்மிடமிருந்து வெகுதூரம். அந்த விலக்கு சேலத்தைத் தொடாது. ஆனால் பூங்கா, சுற்றுலா விலக்குகள் தொடக்கூடியவை. அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. மேலே ஏற்காடு வாரக்கடைசியில் வண்டி நிறுத்த இடமில்லாமல் திணறுகிறது. ஆகவே ஒவ்வொரு கட்சியிடமும் முதல் கேள்வி இதுதான்: 2023 திருத்தத்தைத் தொடர்வீர்களா, மாற்றுவீர்களா, ரத்து செய்வீர்களா? பதில் எந்தப் பக்கமாக இருந்தாலும் அது ஒரு பதில். தொடர்வோம் என்பவர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. காடு என்ற பெயர் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பட்டாதாரர்கள் மரம் வளர்க்கவே தயங்குகிறார்கள், நிச்சயம் இருந்தால் மரம் பெருகும் என்பது அந்த வாதம். தோட்டக்காரர் வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அதில் ஒரு நியாயம் தெரியும். ரத்து செய்வோம் என்பவர்களிடம், அப்படியானால் பட்டா நிலத்து மரத்துக்கு உங்கள் வழி என்ன என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் "காடுகளைப் பாதுகாப்போம்" என்று எழுதியவர்களுக்கு நோட்டில் வெறும் கோடு.

நான்காம் படி: ஊரைக் கேட்பார்களா?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினருக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். தனிமனித உரிமை தவிர, ஊர் சேர்ந்து காட்டைப் பேணி ஆளும் சமூக உரிமையும் உண்டு. மனுவைத் தொடங்குவது கிராம சபை. பிறகு கோட்ட அளவில் ஒரு குழு, முடிவாக ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு.

கட்சிகளை ஒப்பிட, கிராம சபையின் சம்மதம் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் போதும். 2009 ஆகஸ்டில், காங்கிரஸ் தலைமையிலான ஆட்சியில், காட்டு நிலத்தைத் திட்டங்களுக்குத் தருவதற்கு முன் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. 2013 பிப்ரவரியில் அதே ஆட்சி, சாலை, கால்வாய், மின்தடம் போன்ற நீள்வகைத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் அந்தச் சம்மதம் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்தது. 2022-ல் பா.ஜ.க. ஆட்சி கொண்டுவந்த விதிகளில், மத்திய அரசின் இறுதி அனுமதிக்கு முன்பே வன உரிமை வேலை முடிந்திருக்க வேண்டும் என்ற நிலை போய், நிலத்தை ஒப்படைக்கும் முன் மாநில அரசு அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றானது. சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியே முதல் ஓட்டையும் போட்டது. அடுத்து வந்தவர்கள் ஓட்டையை அகலப்படுத்தினார்கள். இது என் கணிப்பு. உங்கள் கணிப்பு வேறாக இருக்கலாம், தேதிகள் மாறாது.

சம்மதத்துக்கு என்ன பலம் என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவின் நியம்கிரி மலை இருக்கிறது. அங்கேயும் பாக்சைட்தான். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஊர்களைக் கேட்கச் சொன்னது. அந்த ஆண்டே 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. ஏற்காட்டில் பாக்சைட் வெட்டத் தொடங்கியபோது இப்படி ஒரு சட்டமே இல்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. பல தேசியக் கட்சிகள் "பெசா சட்டத்தை முழுமையாக அமல்படுத்துவோம்" என்று எழுதும். கேட்க நன்றாக இருக்கும். பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் சட்டம் அது. ஆனால் பெசா, அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் உரியது, தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஏற்காட்டுக்கு அந்த வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. 2024-ல் காங்கிரஸ் அறிக்கை, பழங்குடியினர் பெரும்பான்மைச் சமூகமாக வாழும் குடியிருப்புகளை எல்லா மாநிலங்களிலும் அட்டவணைப் பகுதிகளாக அறிவிப்போம் என்றது. அது நமக்குப் பொருந்தக்கூடிய வரி. பொருந்தும் என்பதாலேயே கூடுதல் கேள்வி எழும்: 2004 முதல் 2014 வரை கையில் ஆட்சி இருந்ததே, அப்போது ஏன் செய்யவில்லை?

ஐந்தாம் படி: அறிக்கையைச் சரியான இடத்தில் திறப்பது

கட்சியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் முழு அறிக்கையை எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "முக்கிய அம்சங்கள்" வேண்டாம். தேசியக் கட்சி என்றால் ஆங்கில மூலத்தையும் தமிழ் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொழிபெயர்ப்பில் "பரிசீலிப்போம்" எப்படியோ "செய்வோம்" ஆகிவிடுவதுண்டு.

சுற்றுச்சூழல் அத்தியாயத்தைக் கடைசியாகப் படியுங்கள். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. எல்லாம் மங்களமாகவே இருக்கும். காட்டின் தலையெழுத்து சுரங்கம், நெடுஞ்சாலை, "தொழில் தொடங்க எளிமை", மின்சாரம், சுற்றுலா ஆகிய அத்தியாயங்களில் இருக்கிறது. கணினியில் தேட வேண்டிய சொற்கள்: வனம், காடு, பழங்குடி, கனிமம், அனுமதி, ஒற்றைச் சாளரம், வழிச்சாலை, வன விலங்கு, இழப்பீடு. "அனுமதிகளை விரைவுபடுத்துவோம்" என்று ஓர் அத்தியாயமும் "பழங்குடி உரிமைகளைக் காப்போம்" என்று இன்னோர் அத்தியாயமும் இருந்தால், இரண்டையும் ஒரே வரியில் எதிரெதிரே எழுதிவையுங்கள். பல சமயம் அந்த ஒரு வரியே அந்தக் கட்சியின் வனக் கொள்கை.

பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் வினைச்சொல்லால் பிரியுங்கள். "ஊக்குவிப்போம்", "வலியுறுத்துவோம்", "கவனம் செலுத்துவோம்" என்பவை விருப்பம். எந்தச் சட்டம், எவ்வளவு, எப்போது என்று ஏதாவது ஒன்றாவது இருந்தால் அது வாக்குறுதி. உதாரணத்துக்கு, 2024 காங்கிரஸ் அறிக்கை நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்களை ஓர் ஆண்டுக்குள் முடிப்போம் என்றும், நிராகரிக்கப்பட்டவற்றை ஆறு மாதத்தில் மறுபரிசீலிக்க வழி செய்வோம் என்றும் சொன்னது. 2019 பா.ஜ.க. அறிக்கை பழங்குடிப் பகுதிகளில் 50,000 வன்தன் விகாஸ் கேந்திரங்கள் அமைப்போம் என்றது. வனப் பொருளைப் பதப்படுத்தி விற்க உதவும் மையங்கள் அவை. இரண்டும் சரிபார்க்கக்கூடிய வாக்குறுதிகள். ஒன்று உரிமை, மற்றது வருமானம். எது நாகலூருக்கு அவசரம் என்று கேட்டால் பெரியப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அன்றைக்கே சண்டை வந்தது.

ஒரு துணைச் செய்தி. தேர்தல் அறிக்கைக்கு விதிமுறை வந்ததே தமிழ்நாட்டு வழக்கால்தான். இலவசத் தொலைக்காட்சி தொடர்பான சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறி வகுத்தது. அதன்படி வாக்குறுதிக்குக் காரணமும், அதற்கான பணம் எந்த வழியில் வரும் என்பதும் அறிக்கையில் தெரிய வேண்டும். வனப் பகுதியில் அந்தப் பண வரியைத் தேடிப் பாருங்கள். நான் தேடிக் களைத்தேன்.

ஆறாம் படி: சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் வைப்பது

2023 திருத்தத்தின்போது எந்த எம்.பி. எப்படி வாக்களித்தார் என்று தேடி ஒரு மாலையை வீணாக்கினேன். இரு அவைகளிலும் அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தனித்தனி உறுப்பினரின் வாக்கு பதிவாகாது. எதிர்க்கட்சிகள் வேறு விவகாரங்களுக்காக முழக்கமிட்டுக்கொண்டோ வெளிநடப்புச் செய்தோ இருந்தன. வெளிநடப்பு ஒரு எதிர்ப்பு என்றாலும், மசோதாவுக்கு அதனால் ஒரு கீறலும் விழுவதில்லை. நோட்டில் அதையும் எழுதுங்கள்.

உண்மையான பதிவு குழு அறிக்கையில் இருக்கிறது. அந்த மசோதா, துறைசார்ந்த நிலைக்குழுவுக்குப் போகாமல் 31 பேர் கொண்ட கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு ஒரு திருத்தமும் சொல்லாமல் திருப்பி அனுப்பியது. ஆனால் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் எழுதிய மாற்றுக்கருத்துக் குறிப்புகள் அறிக்கையின் பின்னால் இணைக்கப்பட்டிருக்கின்றன. மேடையில் பேசியதைவிட அந்தக் குறிப்புகள் கெட்டியானவை. நாடாளுமன்ற இணையதளத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் ஐந்தாண்டில் கேட்ட கேள்விகளும் கிடைக்கும். உங்கள் எம்.பி.யின் பெயரைப் போட்டு, காடு, பழங்குடி பற்றி எத்தனை என்று எண்ணுங்கள். பத்து நிமிட வேலை.

மாநிலத்தை ஆளும் கட்சி என்றால், சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வைக்கப்படும் வனத்துறைக் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும். அதைத் தேர்தல் அறிக்கையோடு சேர்த்துப் படியுங்கள்.

கூட்டணிதான் இதில் கடினமான பகுதி. அதற்கு எட்டு வழிச்சாலையைவிட நல்ல பாடம் சேலத்தில் இல்லை. 2018-ல் அறிவிக்கப்பட்ட 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் பசுமைவழிச் சாலை, சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். வயல்களோடு காப்புக்காடுகளையும் வெட்டிக்கொண்டு போவதாக இருந்தது. மத்தியில் பா.ஜ.க. அரசு கொண்டுவந்தது, மாநிலத்தில் அ.தி.மு.க. அரசு நிலம் எடுத்துக் கொடுக்க முனைந்தது. எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் பா.ம.க.வின் அன்புமணியும் ஒருவர். 2019 மக்களவைத் தேர்தலில் அதே பா.ம.க., அ.தி.மு.க.–பா.ஜ.க. கூட்டணியில் நின்றது. வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, ஏப்ரல் 8 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றித் திட்டத்துக்கு வழிவிட்டது. எதிர்க்கட்சியாக அந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடிய தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகு, 2022-ல் அதன் அமைச்சர் எ.வ. வேலு, தாங்கள் சாலையையே எதிர்த்ததில்லை, அதைச் செய்த முறையைத்தான் எதிர்த்தோம் என்ற பொருளில் பேசினார்.

இதைப் படித்து எல்லாரும் ஒன்றுதான் என்று நோட்டை மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்சிக்கும் நேரே இன்னும் ஒரு பத்தி இழுங்கள்: "இதே விஷயத்தில் கூட்டணித் தலைமை என்ன சொல்கிறது?" சிறிய கட்சியின் அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், டெல்லியில் மசோதா வரும்போது அதன் மூன்று நான்கு உறுப்பினர்கள் யாரோடு உட்காருவார்கள் என்பதைப் பொறுத்தே அந்த வரிகளுக்கு எடை.

ஏழாம் படி: சதவீதத்தைப் பிடித்து உலுக்குவது

"வனப்பரப்பு கூடியிருக்கிறது" என்று ஒருவர் சொல்வார், "அழிந்துவிட்டது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லாமலேயே இது நடக்கும். 2023-ஆம் ஆண்டுக்கான வன அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், 21.76 சதவீதம். மரப்பரப்பையும் சேர்த்தால் 25.17. தமிழ்நாட்டுக்கு 2021 அறிக்கையில் வனப்பரப்பு 20.31 சதவீதம், 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியபோது மாநில அரசு சொன்ன தொடக்கப் புள்ளி 23.7, இலக்கு 33. மரத்தைச் சேர்த்ததால் அந்த வித்தியாசம். மூன்று விஷயம் கேளுங்கள்: வனமா, மரமும் சேர்த்தா? அடர்ந்த காடா, 10 முதல் 40 சதவீதக் கவிகை உள்ள திறந்த காடா? காப்புக்காட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? 33 என்ற எண் 1988 தேசிய வனக் கொள்கையிலிருந்து வருகிறது. அதே கொள்கை மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. மேடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மரக்கன்று எண்ணிக்கைக்கு நான் ஒரு வரி இடம்கூடக் கொடுப்பதில்லை. கன்று நடுவது ஆடியில் ஒரு நாள் வேலை. மூன்று கோடை தாண்டியது எத்தனை என்று சொன்னால் எழுதிக்கொள்ளலாம்.

பணத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். காட்டு நிலத்தை வாங்கும் திட்டங்கள் கட்டும் இழப்பீடு, 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 சதவீதம் மாநிலத்துக்கு வருகிறது. கேம்பா நிதி என்பார்கள். பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்ததில் 47,436 கோடி ரூபாயை 2019 ஆகஸ்டில் மத்திய அரசு மாநிலங்களுக்கு மாற்றியது. இந்தக் காடு போனதற்கு ஈடாக மரம் வேறொரு மாவட்டத்தில் நடப்படலாம். அந்தப் பணத்தில் தீத்தடுப்புக்கும் உண்ணிச்செடி அகற்றவும் எவ்வளவு, நம் சேர்வராயன் வடக்கு, தெற்குச் சரகங்களுக்கு எவ்வளவு என்பது எந்த வேட்பாளரிடமும் கேட்கத் தகுந்த கேள்வி.

கடைசியாக: வேட்பாளரைக் கேட்பது

ஊர்வலத்தில் கேட்க முடியாது. மைக் சத்தத்தில் அவருக்கும் கேட்காது. தேர்தல் அலுவலகத்துக்கு மதியம் இரண்டு மணிக்குப் போங்கள், அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஒரே தாளில் மூன்றே கேள்வி எழுதிக் கொடுங்கள். நாங்கள் கொடுத்தவை: 2023 திருத்தம் பற்றி உங்கள் நிலை என்ன? சாலைக்கும் சுரங்கத்துக்கும் கிராம சபையின் சம்மதம் கட்டாயம் என்று அவையில் பேசுவீர்களா? காட்டெருமையால் அழிந்த பயிருக்கு இழப்பீடு எத்தனை நாளில் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது பெரும்பாலும் சென்னையின் வேலை என்று தெரிந்தேதான் எழுதினோம். அதைத் தெரிந்து பதில் சொல்கிறாரா என்று பார்க்கத்தான்.

ஓர் அலுவலகத்தில் "தலைமையைக் கேட்டுச் சொல்றோம்" என்றார்கள். இன்னொன்றில் ஒரு பையன் தாளை வாங்கி, படித்து, "பாரஸ்ட்டு நம்ம தொகுதியில வருதாண்ணே?" என்று உள்ளே திரும்பிக் கேட்டான். மூன்றாவது இடத்தில் ஒரு வயதானவர் உட்கார வைத்து டீ கொடுத்து அரைமணி நேரம் பேசினார். கட்சி நிலையைச் சொல்லவில்லை. ஆனால் கஞ்சமலையைப் பற்றி நமக்குத் தெரியாததெல்லாம் சொன்னார். எழுத்தில் பதில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் வந்தது, அதுவும் வாட்ஸ்அப்பில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு இரவு.

எல்லாம் முடிந்து நோட்டைப் பார்த்தால் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு பக்கம் இருக்கும்: வாக்குறுதி, விருப்பம், மௌனம், செய்தது, கூட்டணி. மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். உங்கள் ஐந்து கேள்விகளில் உயிரானது எது என்று ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நேரே உள்ள வரிசையை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். எனக்கு அது கிராம சபையின் சம்மதம். பெரியப்பாவுக்குக் காட்டெருமை. அவர் தன் பக்கத்தைக் கிழித்து, மடித்து, காபி விற்ற ரசீதுகளோடு தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார். என் நோட்டில் ஏப்ரல் 19-க்குப் பிறகும் பக்கங்கள் மிச்சம் இருந்தன. அதில் இப்போது இரண்டு எம்.பி.க்களின் பெயரையும் தலைப்பாக எழுதி, ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் காட்டைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளைக் குறித்து வருகிறேன்.